பின்சிக்குச் சதை பிடிக்கணும்

குதிரைக்குத் தீனி போடுற வேலையில பாதி நேரம்தாங்க குதிரைக்குப் போகும், மீதி நேரமெல்லாம் "ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லியே போயிரும்.

ஒங்க வீட்டுலயும் அப்படி ஒரு ஜீவன் இருக்கலாம். பிள்ளையோ, புருசனோ, மருமகளோ, அள்ளி அள்ளிப் போட்டும் சதை பிடிக்காத ஒண்ணு. இருந்தா ஒங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். போட்ட சோறு எவன் கண்ணுக்கும் தெரியாது. எலும்பு மட்டும் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவங்க எல்லாரும் கிட்ட வாங்க, நம்ம கதையைப் பேசுவோம்.

கெடு

என் பேரு ஸ்டெல்லா. ரத்தோட்டைக்கு மேல, மலைக்காத்து நேரா வந்து முட்டுற எடத்துல ஒரு பழைய துரை பங்களா இருக்கு. இப்ப அது ஹோட்டல். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த என்னைச் சமைக்கிறதுக்குக் குசினிக்குக் கூப்பிட்டாங்க. குதிரையைப் பாத்துக்கிட்டிருந்த ஆள் சொல்லாம கொள்ளாம கட்டாருக்குப் போனதும், குசினியிலிருந்து குதிரைக் கொட்டிலுக்குத் தள்ளிவிட்டாங்க. குதிரைப் பேரு ப்ரின்சஸ். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல இருக்குற எங்க சனத்துக்கு அவ்வளவு நீளம் வாய்க்குள்ள போகாது, பின்சின்னு ஆக்கிட்டோம். நுவரெலியாவுல ரேஸ் ஓடினவளாம். இப்ப வயசாச்சு. விருந்தாளிங்க பிள்ளைகளை முதுகுல ஏத்திக்கிட்டு பங்களா முத்தத்தைச் சுத்தி நடப்பா, அவ்வளவுதான் வேலை.

நம்ம நாட்டுல ஏதுடி குளிர்காலம்னு மாத்தளை டவுன்ல இருக்குறவங்க கேப்பாங்க. ஐப்பசியில ஒரு தடவை மேல வந்து நின்னு பாக்கட்டும். மார்கழி முடியிற வரைக்கும் மழை, மழை விட்டா பனி, பனி விட்டா காத்து. அந்த மூணு மாசமும் பின்சி ஒவ்வொரு வருசமும் உருகிப்போவா. போன வருச மழை ஆரம்பத்துல கொழும்புலேருந்து முதலாளி வந்தாரு. குடையைப் பிடிச்சுக்கிட்டு அவளைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. நல்ல மனுசன்தான், கத்த மாட்டாரு. மெதுவாத்தான் சொன்னாரு: "எலும்பு தெரியிற குதிரையை வச்சு ஹோட்டல் நடத்த முடியாது ஸ்டெல்லா. தைப்பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா யாருக்காவது குடுத்துருவேன்."

மாட்டு வைத்தியம்

வயசான குதிரையை யாரு வாங்குவா, வாங்கி என்ன செய்வாங்க? யோசிச்சா எனக்குச் சோறு எறங்கல. சரி, பொங்கலுக்குள்ள இவளைத் தேத்திக் காட்டுறேன்னு முந்தானையை இழுத்துச் சொருகினேன். எங்க லயத்துல எல்லாருக்கும் மாடு தெரியும், குதிரை ஒருத்தருக்கும் தெரியாது. மாடு மெலிஞ்சா என்ன செய்வோம்? வைக்கோலை உதறிப் போடுவோம், புண்ணாக்கை ஊறவச்சுக் கரைப்போம், காலையில ஒரு தொட்டி, சாயந்தரம் ஒரு தொட்டி. அதையேதான் செஞ்சேன். வில்கமுவ பக்கமிருந்து நெல்லு கொண்டு வர்ற டிராக்டர்காரர்கிட்ட சொல்லி வைக்கோல் எறக்கினேன். தொட்டி தளும்பத் தளும்ப வச்சேன். பின்சியும் மொகத்தை உள்ள விட்டுக்கிட்டுத் தின்னா. எனக்குப் பாக்கப் பாக்க வயிறு நெறஞ்சது.

மறுநாள் அவளுக்கு வயிறு கல்லு மாதிரி. முன்னங்காலால தரையைத் தோண்டுறா, விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்குறா, படுக்குறா, எந்திரிக்கிறா. நான் அந்தோனியாரே அந்தோனியாரேன்னு கத்திக்கிட்டே கயித்தைப் பிடிச்சு நடத்துறேன். மெனேஜர் சுனில் மஹத்தயா, சிங்களத்துல ஐயாவை அப்படித்தான் சொல்லுவாங்க, அவரு போன் பண்ணி, மாத்தளையிலிருந்து மிருக டொக்டர் மிஸ் மோட்டார் சைக்கிள்ல மழையோட மழையா வந்தாங்க. சின்ன வயசு. சிங்களப் பிள்ளைதான், ஆனா நம்மளைவிட நல்லாத் தமிழ் பேசும். ஊசி போட்டு, மூக்கு வழியா குழாய் விட்டு, பொழுது சாயிறப்ப பின்சி சாணி போட்டா. நான் சாணியைப் பாத்து அழுதது அன்னைக்குத்தான். டொக்டர் மிஸ் கையைக் கழுவிக்கிட்டே சொல்லுச்சு: "அக்கா, மாட்டுக்கு வயித்துல நாலு அறை. அவசரமா முழுங்கிட்டு ஆறுதலா அசைபோடும். இதுக்கு ஒண்ணுதான், அதுவும் சின்னது. விருந்து வைக்காதீங்க, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா நொறுக்குத் தீனி குடுங்க."

சொக்கலேட் மூட்டை

அதுக்கப்பறம் என் நாள் பூரா பின்சி வாயோடதான். விடிஞ்சா புல்லு, கொஞ்சம் கழிச்சுத் தவிடு, அப்பறம் புல்லு, அப்பறம் அவிச்ச கொள்ளு, மறுபடி புல்லு. அதுலயும் மழைப் புல்லு பூரா தண்ணிங்க. கட்டுக்கட்டா தின்னும், ஒடம்புல ஒட்டாது. அதனால அறுத்ததை அடுப்பங்கரை மேல வாட்டிக் குடுத்தேன். என் சீலையெல்லாம் புல்லு வாசம். எம் புருசன் ஒருநாள் தட்டைப் பாத்துட்டு, "எனக்கும் கொள்ளுதானா?"ன்னு கேட்டாரு. அன்னைக்குக் கொள்ளு ரசம்தான், அதுல என்ன தப்பு?

எங்க ஹோட்டலுக்கு மொளகு, ஏலக்காய் போடுறவரு உக்குவளை ஜவ்பர் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். அவரு தோட்டத்துல கொக்கோவும் இருக்கு. அவரு வேன்ல வந்து எறங்குறப்ப பின்சியைப் பாத்தாரு. "அல்லாவே, என்ன புள்ள இது, கபன் துணி போட்டு மூடுற நெலமையில நிக்கிது!"ன்னாரு. மறுநாளே ஒரு மூட்டையோட வந்துட்டாரு. கொக்கோ விதையை வறுத்து எடுத்த தோல். தெறந்தா கொட்டில் பூரா மணக்குது. அவரு ஆடு இதைத் தின்னுதான் பெருத்துச்சாம். காசு வேணாம், வாயில்லாச் சீவனுக்குச் சதக்கா, தருமம்னு நெனச்சுக்கன்னாரு. எனக்கு மனசு குளுந்துருச்சு. வாளியில அள்ளியும் போட்டுட்டேன். ஒருக்கா மாட்டு வைத்தியம் பாத்துச் சூடு கண்டவளாச்சே, எதுக்கும் கேட்டுப் போடுவோம்னு டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் அடிச்சேன். அந்தப் பிள்ளை போன்லயே கத்துச்சு. குதிரைக்கு அது நஞ்சாம், நெஞ்சு படபடன்னு அடிச்சு விழுந்துருமாம்.

பின்சி வாளிக்கு மூக்கை நீட்டிட்டா. நான் பாஞ்சு வாளியைத் தட்டிவிட்டேன், தோலெல்லாம் நானா சட்டை மேல. அவரு மொகம் செத்துப்போச்சு. நல்லது செய்ய வந்த மனுசனை இப்படி ஆக்கிட்டமேன்னு எனக்கும் சங்கடம். பிளேன் டீ ஊத்திக் குடுத்து, அடுத்த தடவை கொள்ளு கொண்டாங்க நானான்னேன். சொன்ன மாதிரியே ஒரு சாக்குக் கொள்ளு வந்துச்சு. ஆனா அன்னைக்கு அவரு தோலைச் சாக்குல திரும்ப அள்ளிக்கிட்டே, அவ்வளவு கவலையாச் சொன்னாரு: "சொக்கலேட் தின்னு மெலிஞ்ச ஆளை என் வாழ்க்கையில நான் பாத்ததில்ல புள்ள, அதான் கொண்டாந்தேன்."

சாப்பிட்டியா?

வார கடைசியில விருந்தாளி வந்துட்டா எனக்குக் கண்டம். கொழும்பு நோனா, பெரிய எடத்து அம்மா ஒருத்தங்க, பிள்ளையைக் குதிரை மேல ஏத்த வந்தாங்க. பின்சி விலாவைப் பாத்தாங்க, அப்பறம் என்னைப் பாத்தாங்க. நான் கொஞ்சம் ஒடம்பு உள்ளவ, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க: "தப்பா எடுத்துக்காதீங்க, குதிரைச் சாப்பாடு குதிரைக்குத்தானே போகுது?"

கோழிக்குப் பிடிச்ச சதை

அந்த நோனா கேட்டதுல எனக்கு ஒரு வாரம் கோவம். ஆனா யோசிச்சுப் பாத்தா கேட்டது நியாயம். கார்த்திகை பாதியாச்சு, தீனி போகுது, வாளி காலியாகுது, சதை மட்டும் காணோம். சுனில் மஹத்தயா தினமும் காலையில கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. "ம்ம்ம்"னு ஒரு இழுப்பு. அந்த இழுப்பைக் கேக்குறதுக்குக் கன்னத்துல நாலு அறை வாங்கியிருக்கலாம்.

கொட்டிலுக்குப் பின்னாடி வீட்டுல பாக்கியம்னு ஒருத்தி, எங்கூடக் கொழுந்து எடுத்தவ. அவ கோழிங்க விடிஞ்சா கொட்டில்லதான் கெடக்கும். ஒருநாள் அதுல ஒரு பெட்டைக்கோழி என்னைத் தாண்டி நடந்து போகுது, நடக்கவே முடியல, அப்படி ஒரு கொழுப்பு. எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. அன்னைக்கு வேலையெல்லாம் போட்டுட்டு பின்சி மொகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்தேன். வாய் நெறைய எடுக்குறா, மெல்லுறா, மெல்லுறா, தலையைச் சாச்சு ஒரு பக்கமா மெல்லுறா, பொத்துனு ஒரு உருண்டை வாயிலேருந்து விழுகுது. கோழி ஓடி வந்து கொத்துது. அடுத்த வாய், அடுத்த உருண்டை, அடுத்த கோழி. அடிப்பாவி, முழுங்கவே இல்லையா நீ! எனக்கு அவ மேல கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு. இத்தனை நாளா வலியோட நின்னிருக்கா, நானோ சத்தம் போட்டு "தின்னுடி, தின்னுடி"ன்னு திட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

டொக்டர் மிஸ் வந்து வாயைப் பிளந்து கையை விட்டுப் பாத்துச்சு. கடவாப்பல்லு ஓரம் கத்தி மாதிரி வளந்து கன்னத்தைக் கிழிச்சிருக்கு. பெரிய அரத்தை வச்சு ராவிவிட்டாங்க. அந்தச் சத்தத்துல எனக்குப் பல்லு கூசிப்போச்சு. புண்ணு ஆறுற வரைக்கும் எல்லாத்தையும் கஞ்சி மாதிரி கொழைச்சுக் குடுத்தேன். பின்சி வாளியை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணா, ஒரு பருக்கை கீழ விழல. ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கியம் இடுப்புல கையை வச்சுக்கிட்டு வந்து நிக்கிறா: "என்னடி ஸ்டெல்லா, ஒன் குதிரைக்கு என்ன வைத்தியம் பாத்த? எங்கோழி முட்டையை நிறுத்திருச்சு!"

படங்கு

வாய் சரியாச்சு, சதை கொஞ்சம் எட்டிப் பாத்துச்சு. அதுக்குள்ள மார்கழி வந்துருச்சு. காத்தும் மழையும் கொட்டில் வழியா குறுக்க அடிச்சுது. பின்சி தோலு பூரா நடுங்கும். தின்னதெல்லாம் ஒடம்பைச் சூடாக்கவே செலவாயிரும்னு டொக்டர் மிஸ் சொன்னாங்க, அவளை நனைய விடாதீங்கன்னாங்க. குதிரைக்குன்னு ரெயின்கோட்டு இருக்காம். கொழும்புலயே கெடைக்காது, அதுக்கு நாங்க எங்க போறது?

மழையில மலைக்குப் போறவளுக்கு நாங்க என்ன குடுப்போம்? தலைக்குக் கம்பளி, இடுப்புக்குப் படங்கு. படங்குன்னா கொழுந்துக்காரங்க ஈரம் படாம சீலைக்கு மேல சுத்திக் கட்டுற ரெக்சின் துண்டு. என் பழைய கம்பளியையும் பாக்கியத்தோட கம்பளியையும் சேத்துத் தைச்சு முதுகுல போட்டேன். கம்பளி மட்டும் போட்டா மழையைக் குடிச்சுக் கனத்துப்போகுமே, அதனால அதுக்கு மேல படங்கு. எங்க புத்தி எங்கள விட்டுப் போகுமா? நாங்க எப்படிக் கட்டுவோமோ அப்படியே, கயித்தை இடுப்போட சுத்தி இறுக்கி, பின்னாடி நுனியைச் சொருகிவிட்டேன். பாக்கியம் தள்ளி நின்னு பாத்துட்டு, "கொசுவம் நல்லா வந்திருக்குடி"ன்னா.

காத்து ஒண்ணு அடிச்சுது. படங்கு படபடன்னு சத்தம் போட்டுச்சு. ரேஸ் ஓடின குதிரைன்னு சொன்னப்ப நான் நம்பல, அன்னைக்கு நம்பினேன். கயித்தைப் பிடுங்கிக்கிட்டு, கொட்டிலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கொழுந்து மலைக்குள்ள ஒரே ஓட்டம். படங்கு வாலுக்குப் பின்னாடி பறக்குது. நான் வேற செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஓடுறேன். ஓடுற ஓட்டத்துல கொழுப்பெல்லாம் கரையுதேன்னுதான் எனக்குக் கவலை, ஒவ்வொரு எட்டும் ஒரு வாளிக் கஞ்சி! மலையில கொழுந்து நிரையில நின்ன பொம்பளைங்க கூடையோட சிரிக்கிறாங்க, கூவுறாங்க. பின்சி அவங்க நடுவுல போய் நின்னா. எல்லார் இடுப்புலயும் அதே படங்கு, அதே சத்தம். பாத்தா, மோந்தா, பெருமூச்சு விட்டா, சாந்தமாயிட்டா. அப்பறம் நெஞ்சுக்கு ஒரு வார், வயித்துக்கு ஒரு வார் வச்சுப் பறக்காம தைச்சோம், மழை முடியிற வரைக்கும் கழட்டல. அன்னைக்கு மூச்சு வாங்க வாங்க நான் போய்ச் சேந்தப்ப, அவ பக்கத்துல நின்ன அக்கா கங்காணியைப் பாத்துக் கத்துச்சு: "ஐயா, புதுசா ஆள் வந்து நிரையில நிக்கிது, இதுக்கும் ஒரு பேர் போட்டுருங்க!"

பொங்கலுக்கு வந்த ஆள்

பொங்கலுக்கு முதல் நாள் வெயில் வந்துச்சு. கம்பளியைக் கழட்டி, தேச்சுக் குளிப்பாட்டி, வாலைச் சீவி நிறுத்தினேன். விலா எலும்பு கையால அமுக்கினாத்தான் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. முதுகு உருண்டு, தோலு பளபளன்னு. நானே கண்ணு வச்சிருவேன்னு பயந்து மண்ணு எடுத்துச் சுத்திப் போட்டேன்.

முதலாளி வந்தாரு. கூட ஒரு ஆள், தொப்பி போட்டுக்கிட்டு. முதலாளி பின்சியைப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. கழுத்தைத் தட்டிக் குடுத்தாரு. "சபாஷ் ஸ்டெல்லா"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. அந்தத் தொப்பிக்காரர் பின்சி வாயைத் தெறந்து பாத்தாரு, காலைத் தூக்கிப் பாத்தாரு, இடுப்பைத் தட்டிப் பாத்தாரு. அப்பறம் முதலாளிகிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. சுனில் மஹத்தயா மொகம் மாறிருச்சு. மெதுவா எங்கிட்ட வந்து, "நுவரெலியாக்காரர், அக்கா. ஏரிக்கரையில டூரிஸ்ட் வண்டி இழுக்கக் குதிரை தேடுறாரு. மெலிஞ்ச குதிரை வேணாம்னுதான் இத்தனை நாள் வராம இருந்தாரு, இப்ப இவளைப் பிடிச்சுப்போச்சாம்"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க. மெலிஞ்சா குடுத்துருவேன்னாங்க, கொழுக்க வச்சேன். கொழுத்ததும் வந்து கேக்குறாங்க. நான் கொழைச்ச கஞ்சியெல்லாம் இவளை வண்டியில பூட்டத்தானா? வாளியை எடுத்துக்கிட்டுப் பைப்படிக்குப் போயிட்டேன். அங்க நின்னு கழுவின வாளியையே கழுவிக்கிட்டு அழுதேன். அங்கேருந்தும் காது இங்கதான் இருந்துச்சு. தொப்பிக்காரர் சுனில் மஹத்தயாகிட்ட, இது என்ன சாப்பிடும், எத்தனை வேளைன்னு கேட்டாரு. சுனில் மஹத்தயா ஒரு பொய் சொல்லலைங்க. விடியலேருந்து பொழுது சாயிற வரைக்கும் நான் செய்யிற ஒவ்வொண்ணையும் சொன்னாரு, வெந்நீர் சூடு எவ்வளவுன்னு வரைக்கும். "ம்ம்ம்"னு இழுத்துக்கிட்டு நின்ன மனுசன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருக்காரு! தொப்பிக்காரருக்கு மொகம் சுருங்கிக்கிட்டே போச்சு. பிளேன் டீயைப் பாதி குடிச்சு வச்சுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு வேன்ல ஏறிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்காரு போல. முதலாளி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு, "சரி, இருக்கட்டும், இங்கயே இருக்கட்டும்"னாரு. முதலாளியைச் சிரிக்க வச்சதும், தொப்பிக்காரரை வேன்ல ஏற வச்சதும், இதெல்லாம் யாரு செய்யிறதுன்னு தொப்பிக்காரர் கேட்டதுக்குச் சுனில் மஹத்தயா சொன்ன பதில்தான்: "குதிரை தனியாக் கெடைக்காது மஹத்தயா, இந்த அக்காவையும் சேத்துத்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். குதிரை கடிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. அக்காவுக்கு நான் பொறுப்பில்ல."

மெலிஞ்சா நம்ம குத்தம், கொழுத்தா அடுத்தவன் கண்ணு, இதுக்கு நடுவுல வாளியைக் கழுவி அடுத்த வேளைக்குக் கொள்ளு ஊறப்போடுறதுதாங்க சோறு போடுறவ பொழப்பு.